அந்தப் பாடலை இனிமேல் நான் கேட்கலாமா?

கேள்வி: என் அப்பா புற்றுநோயில் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. கடைசி மூன்று மாதமும் மருத்துவமனையில் அவருடன் இருந்தவள் நான். வலி தெரியாமல் இருக்க ஒரு பாடகரின் பாடல்களைத்தான் கேட்பார். இயர்போனின் ஒரு முனை அவர் காதில், மறு முனை என் காதில். அவர் போனபிறகு அதே பாடல்களைக் கேட்டுத்தான் பல இரவுகள் தூங்கியிருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் மூன்று பெண்கள், தாங்கள் இளம் வயதில் இருந்தபோது அந்தப் பாடகர் தங்களிடம் அத்துமீறி நடந்துகொண்டதாக வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர் மறுத்திருக்கிறார். போன வாரம் நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது 20 வயது மகள் வந்து, "இந்த ஆளையா இன்னும் கேட்கிறாய்?" என்றாள். "இருபது வருஷம் கழித்து இப்போது ஏன் சொல்கிறார்களாம்?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. கலையையும் கலைஞரையும் பிரித்துப் பார்ப்பது தவறா? அந்தப் பாடல்களை அழித்துவிட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பாடகரின் பெயரை நீங்கள் எழுதியிருந்தீர்கள். விசாரணை முடியாத விஷயம் என்பதால் அதை இங்கே எடுத்துவிட்டேன். நீண்ட கடிதத்தையும் சுருக்கியே மேலே தந்திருக்கிறேன். பெயர் இல்லாமலேயே உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். பாடகர்கள் வேறு வேறாக இருந்தாலும், இதே துயரத்தோடு வந்த பலரைச் சந்தித்திருக்கிறேன்.

ஆம், இதைத் துயரம் என்றே சொல்கிறேன். "ஒரு பாட்டுக்குப் போய் இவ்வளவு கலங்குகிறேனே" என்ற கூச்சம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. கூச்சப்பட வேண்டியதில்லை. அப்பாவை ஒரு முறை இழந்தீர்கள். அவரிடம் திரும்பிப் போக உங்களுக்கு ஒரு வழி இருந்தது. இப்போது அந்த வழியில் வேறொருவர் வந்து நிற்கிறார். இதற்குக் கலங்காமல் இருந்தால்தான் வியப்பு.

இசையும் நினைவும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதை மறதி நோயாளிகளிடம் நேரில் பார்த்திருக்கிறேன். பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தவர்கள்கூட, இளமையில் கேட்ட பாடலின் பல்லவியைத் தொடங்கினால் அடுத்த வரியைத் தாங்களே பாடிவிடுவார்கள். பதின்ம வயதிலும் இருபதுகளிலும் கேட்ட பாடல்கள் வாழ்நாள் முழுவதும் கூடுதல் அழுத்தத்தோடு நிற்கின்றன என்பது உளவியலில் பலமுறை உறுதிசெய்யப்பட்ட விஷயம். பெரிய இழப்பின்போது துணையிருந்த பாடலும் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாடல் ஒலிக்கும்போது உங்கள் மனம் போவது பாடகரிடம் அன்று, ஒரு கட்டிலின் ஓரத்துக்கு. அந்தக் கட்டிலில் நடந்ததில் எந்தக் களங்கமும் இல்லை. பாடகரைப் பற்றி நாளை எந்த உண்மை வெளிவந்தாலும், உங்கள் அப்பாவுக்கு வலி குறைந்தது குறைந்ததுதான்.

இனி நீங்கள் சங்கடப்படக்கூடிய ஒன்றுக்கு வருகிறேன்.

கலை, கலைஞர் என்ற கேள்வியை நீங்கள் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். மகளிடம் நீங்கள் சொன்னது ஒரே வரியில் போய்விடுகிறது. என் பார்வையில் இந்தக் கடிதத்தின் நடுநாயகம் அந்த ஒரு வரிதான். நீங்கள் பாட்டுக் கேட்டதற்காக உங்கள் மகள் கதவைச் சாத்தவில்லை என்று நினைக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது கேள்வி கேட்டாள். அதாவது உங்களோடு பேசினாள். "இப்போது ஏன் சொல்கிறார்களாம்?" என்ற சொற்களுக்குப் பிறகுதான் மௌனமானாள்.

அந்தக் கேள்விக்கு என் தொழில் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். சிறு வயதிலோ இளம் வயதிலோ இப்படிப் பாதிக்கப்பட்டு என்னிடம் வந்தவர்களில், நடந்த உடனே யாரிடமாவது சொன்னவர்கள் மிகச் சிலர். பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து வாய் திறந்தவர்களே மிகுதி. நடந்தது என்னவென்று சொல்ல அந்த வயதில் அவர்களிடம் சொல் இருந்திருக்காது. சொன்னால் வீட்டில் பாட்டோ படிப்போ நின்றுவிடும் என்ற அச்சம் இருந்திருக்கும். நடந்துகொண்டவர் பெரும் புகழ் பெற்றவர் என்றால் சொல்லவே வேண்டாம். ஊரே கைகூப்பும் ஒருவர்மேல் பெயர் தெரியாத ஒரு பெண் எப்படி விரல் நீட்டுவாள்? பலருக்குத் தங்கள் மகள், அன்று தங்களுக்கிருந்த அதே வயதை எட்டும்போதுதான் உள்ளே புதைந்திருந்தது மேலே வருகிறது. "இவள் இவ்வளவு சின்னவளா? அப்படியானால் நானும் அன்று இவ்வளவு சின்னவள்தானே?" என்று என் முன்னால் உட்கார்ந்து அழுதவர்கள் இருக்கிறார்கள். ஒருத்தி பேசிவிட்டால் மற்றவர்களுக்கும் துணிவு வருகிறது. மூவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பேசியதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். காலதாமதத்தை மட்டும் வைத்து ஒரு கூற்றைப் பொய் என்று சொல்லவே முடியாது.

நீங்கள் கொடிய மனத்தோடு அதைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. அப்பாவின் பாட்டைக் காப்பாற்றிக்கொள்ள, கைக்கு அகப்பட்டதை எடுத்து வீசினீர்கள். அது போய் விழுந்தது அந்த மூன்று பெண்கள்மேல். பிடித்த கலைஞர்மேல் குற்றச்சாட்டு வரும்போது பெரும்பாலோர் செய்வது இதைத்தான். பாட்டையும் விட முடியவில்லை, செய்தியையும் தாங்க முடியவில்லை என்னும்போது, செய்தியைப் பொய்யாக்கிவிட்டால் மனம் அமைதி பெறுகிறது. அந்த அமைதிக்கு விலை கொடுப்பவர் வேறொருவர்.

அந்தக் குரலில் இருக்கும் கருணையும் உங்களைத் தடுக்கிறது. "இப்படிப் பாடுகிறவர் அப்படிச் செய்திருப்பாரா?" என்று எழுதியிருக்கிறீர்கள். எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருந்தவர்களுக்குத் தனித்தனிக் குணங்களுக்காக மதிப்பெண் போட்டிருந்தார்கள். உடல்வாகில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களே அறிவிலும் தலைமைப் பண்பிலும் ஒழுக்கத்திலும் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தார்கள். ஒன்றைக் கண்டு மயங்கி மற்றதையும் நல்லதென்று எழுதிவிட்டார்கள். பாடகர் விஷயத்தில் இந்த மயக்கம் இன்னும் ஆழமானது. பாட்டில் உருகும் சொற்களை எழுதியவர் வேறொருவராக இருக்கலாம்; மெட்டு இன்னொருவருடையதாக இருக்கலாம். குரலை எங்கே தாழ்த்த வேண்டும், எங்கே மூச்சை நிறுத்தினால் கேட்பவர் கண் கலங்கும் என்பது ஆண்டுக்கணக்கான பயிற்சியில் வந்த தேர்ச்சி. அந்தத் தேர்ச்சி மெய்யானது, போற்றத்தக்கது. வீட்டிலோ பயிற்சி அறையிலோ அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதற்கு அது சாட்சியாகாது.

"இன்னும் தீர்ப்பே வரவில்லையே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, அதை நான் தள்ளிவிட மாட்டேன். எம்.கே. தியாகராஜ பாகவதரை நினைத்துப் பாருங்கள். 1944-இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தார். வழக்கு, அன்று இந்தியாவுக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கடைசியில் 1947-இல் விடுதலையானார். அவர் சிறையில் இருந்த அதே காலத்தில் அவருடைய 'ஹரிதாஸ்' படம் அரங்கு நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளி கண்ட படம் என்று இன்றும் சொல்வார்கள். குற்றவாளி என்று நீதிமன்றம் சொன்னபோது மக்கள் அவர் பாட்டைக் கைவிடவில்லை. குற்றமற்றவர் என்று வெளியே வந்தபிறகு எடுத்த படங்கள் முன்போல் ஓடவில்லை. அதற்குள் காலமும் ரசனையும் மாறியிருந்தன. நாம் ஒரு கலைஞரை ஏற்பதும் விடுவதும் எப்போதும் நீதி பார்த்து நடப்பதில்லை என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி நமக்கு வேண்டாம்.

நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. அமெரிக்கப் பாடகர் ஆர். கெல்லி இளம் பெண்களிடம் அத்துமீறியதாக 1990-களிலிருந்தே புகார்கள் வந்தன. 2008-இல் ஒரு வழக்கில் விடுதலையானார். இசைத்தட்டுகள் விற்றுக்கொண்டே இருந்தன. 2021-இல் நியூயார்க்கில் வேறொரு வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 2022-இல் 30 ஆண்டு தண்டனை. அத்தனை ஆண்டுகளும் அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது, "இவ்வளவு இனிமையாகப் பாடுகிறவரையா?" என்ற கேள்விதான்.

ஆகவே உங்கள் பாடகர் குற்றவாளியா இல்லையா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை. அது உங்கள் வேலையுமன்று, என் வேலையுமன்று. "அந்தப் பெண்கள் சொல்வதைக் கவனத்தோடு கேட்கிறேன், அவர்களைக் கேலி செய்ய மாட்டேன், உண்மை வெளிவரட்டும்" என்று இருக்க எந்தத் தீர்ப்புக்காகவும் காத்திருக்க வேண்டாம். அவ்வளவு போதும்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. பிரித்துப் பார்க்கலாமா?

எனக்குத் தெரிந்தவரை யாரும் முழுமையாகப் பிரிப்பதில்லை. முழுமையாகப் பிரிக்காமலும் இருப்பதில்லை. 1966-இல் வெளிவந்த 'ரிவர் டீப், மவுண்டன் ஹை' என்ற இசைத்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தயாரித்தவர் ஃபில் ஸ்பெக்டர். லானா கிளார்க்சன் என்ற நடிகையைக் கொன்றதாக 2009-இல் அவருக்குத் தீர்ப்பாகி, 2021-இல் சிறைவாசத்திலேயே இறந்தார். உறையில் பாடிய டீனா டர்னரின் பெயரோடு, அவருடைய அன்றைய கணவர் ஐக் டர்னரின் பெயரும் இருக்கிறது. ஐக் அந்தப் பதிவில் பங்கெடுக்கவே இல்லை. வீட்டில் டீனாவை ஆண்டுக்கணக்காக அடித்தவர் அவர். 1976-இல் டீனா கையில் காசில்லாமல் அவரிடமிருந்து தப்பி ஓடினார். இவ்வளவும் தெரிந்தபின் அந்தத் தட்டைத் தூக்கி எறியலாம். எறிந்தால் டீனாவின் குரலும் சேர்ந்து போகிறது. திரும்பத் திரும்பப் பாடவைக்கப்பட்டு, தன் முழு மூச்சையும் கொடுத்த அந்தப் பெண்ணை நாமும் ஒரு முறை அழித்ததாக ஆகிவிடாதா? நான் அதைக் கேட்கிறேன். கேட்கும்போது யாருடைய குரல் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்கிறேன். உங்கள் பாடகரின் பாடல்களிலும் வயலின் வாசித்தவர், வரி எழுதியவர், பின்னணியில் சேர்ந்து பாடியவர்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒருவர் குற்றம் செய்திருந்தால் அத்தனை பேர் உழைப்பும் அவருடைய சொத்தாகிவிடாது.

"காலம் போனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று உங்கள் தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். இத்தாலிய இசையமைப்பாளர் கார்லோ ஜெசுவால்டோ 1590-இல் தன் மனைவி மரியா தாவலோஸையும் அவருடைய காதலரையும் கொன்றார். பிரபு குடும்பத்தவர் என்பதால் தண்டனை எதுவும் இல்லை. நானூறு ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன. அவருடைய இசையை இன்றும் பாடுகிறார்கள், வியக்கத்தக்க இசைதான். ஆனால் அவரைப் பற்றிய அறிமுகங்களில் அந்தக் கொலை எப்படிச் சொல்லப்படுகிறது என்று கவனித்திருக்கிறேன். 'கொலைகார மேதை' என்று, ஒரு கூடுதல் சுவைபோல. காலம் அங்கே எதையும் சரிசெய்யவில்லை. இறந்துபோன பெண்ணை அவருடைய கதைக்கு ஒரு அலங்காரமாக்கிவிட்டது. எனக்கு இது கோபமூட்டுகிறது.

வீட்டில் தனியே கேட்பதும், பலர் கூடும் இடத்தில் ஒலிக்கவிடுவதும் ஒன்றா என்று யோசியுங்கள். 1850-இல் யூதர்களுக்கு எதிராக நஞ்சு கக்கும் கட்டுரை எழுதியவர் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர். பின்னாளில் நாஜிகள் அவர் இசையைத் தங்கள் கொடியாகவே தூக்கிப் பிடித்தார்கள். இஸ்ரேலில் அவருடைய இசையை மேடையில் வாசிப்பதில்லை என்ற எழுதப்படாத தடை நெடுங்காலமாக இருக்கிறது. 2001 ஜூலையில் ஜெருசலேமில் இசைக்குழு நடத்துநர் டேனியல் பாரன்பாய்ம் ஒரு கச்சேரி நடத்தினார். அறிவித்த நிகழ்ச்சியை முடித்துவிட்டு, வாக்னரை வாசிக்கலாமா என்று அரங்கத்தினரிடம் கேட்டார். அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. சிலர் கத்தினார்கள், கதவை அறைந்துவிட்டு வெளியேறினார்கள். பெரும்பாலோர் இருந்து கேட்டுக் கைதட்டினார்கள். அவர் செய்தது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அதில் பிடித்தது, வாசிப்பதற்கு முன் அவர் கேட்டார் என்பது. வெளியேற விரும்பியவர்களுக்கு வெளியேற நேரம் இருந்தது. நாஜி முகாம்களில் உயிர் தப்பியவர்கள் வாழும் நாட்டில், அந்த இசையை முன்னறிவிப்பில்லாமல் யார் காதிலும் திணிக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இதையே செய்யுங்கள். காதில் இயர்போனோடு, உங்கள் அறையில், உங்கள் அப்பாவோடு இருக்கும் நேரம் உங்களுடையது. அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். பொது அறையில், மகள் இருக்கும்போது ஒலிக்கவிட வேண்டாம். குடும்ப விழாவில் போட வேண்டாம். அவரைப் புகழும் செய்திகளை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அவற்றைப் பெறுபவர்களில் இத்தகைய காயம் உள்ளவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாது. ஒருவராவது இருக்கக்கூடும்.

பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஏற்கெனவே வாங்கிய குறுந்தகட்டையோ, ஃபோனில் சொந்தக் கோப்பாகச் சேமித்து வைத்திருப்பதையோ கேட்பதால் யாருக்கும் புதிதாகப் பணம் போவதில்லை. இணையச் செயலிகளில் கேட்டால் போகிறது. ஒரு முறை கேட்பதற்குக் கிடைப்பது மிகச் சிறு தொகைதான், அதுவும் உரிமை வைத்திருக்கும் நிறுவனம், எழுதியவர், பாடியவர் என்று பிரிந்து போகும். ஆனாலும் எண்ணிக்கை ஏற ஏற, அந்தச் செயலியே அவருடைய பாடலை அடுத்தவருக்கும் எடுத்துக் கொடுக்கும். மனம் உறுத்தினால் சேமித்து வைத்திருப்பதை மட்டும் கேளுங்கள். ஆர். கெல்லி வழக்கில், அவருக்குச் சேர வேண்டிய ராயல்டியிலிருந்து 5 லட்சம் டாலருக்கும் மேல் பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீட்டுக்குப் போக வேண்டும் என்று 2023-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. பாட்டு ஈட்டிய பணம் கடைசியில் போக வேண்டிய இடத்துக்குப் போனது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

பாடல்களை அழிக்க வேண்டாம். குற்றவுணர்ச்சியின் உச்சத்தில் அழித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாள் கேட்காமல் இருந்து பாருங்கள். இரண்டு மாதமோ மூன்று மாதமோ. திரும்பக் கேட்கும்போது ஏதோ ஒரு வரியில் உடல் இறுகினால் நிறுத்திவிடுங்கள். அப்பாவே முன்போல் வந்து அருகில் உட்கார்ந்தால் கேளுங்கள். இரண்டும் கலந்து வருவதுதான் பலருக்கும் நடக்கிறது. அந்தக் கலப்போடும் வாழ முடியும். அப்பாவுக்கு வேறு எந்தப் பாடல்கள் பிடிக்கும் என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். அவரிடம் திரும்பிப் போக இந்த ஒரு வழிதான் உண்டு என்று இருக்காது.

மகளிடம் முதலில் போங்கள். பாடகரைப் பற்றிப் பேசாதீர்கள். "அன்று நான் சொன்னது தவறு. அந்தப் பெண்கள் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று நான் கேட்டிருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், "ஆனால்" வேண்டாம். அவளுக்கு ஏதாவது நடந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒன்றுமே நடக்காத பிள்ளைகளும் இப்படிக் கோபப்படுவார்கள், படவும் வேண்டும். ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள், வேறு யாருக்கோ நடந்ததைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம் என்று காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தங்களுக்கோ தங்கள் தோழிக்கோ ஒன்று நடந்தால் இந்த வீட்டில் சொல்லலாமா, கூடாதா என்பதை அதிலிருந்துதான் முடிவு செய்கிறார்கள். அவள் பேசினால் குறுக்கே போகாமல் கேளுங்கள். பேசாவிட்டால் துருவாதீர்கள். சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று. தாத்தா இறந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. மருத்துவமனை அறைக்குள் நடந்தது எதையும் அவள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அந்தப் பாடல் உங்களுக்கு என்ன என்று அவளிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. சொல்லவில்லை என்றால் சொல்லுங்கள். ஒரு முனை அவர் காதில், மறு முனை உங்கள் காதில் என்று எனக்கு எழுதியதுபோலவே சொல்லுங்கள். ஆனால் வருத்தம் தெரிவிக்கும் அதே நாளில் வேண்டாம். அன்று சொன்னால் அது சாக்குப்போக்காகக் கேட்கும். ஒரு வாரமாவது போகட்டும்.